ஸ்கூட்டர் நிறம் பூசிய ஜெட்

கிங்ஸ்டனுக்கு அடுத்தவர் வேலையில் தப்புக் கண்டுபிடிப்பது பிடிக்கும். ஓசூரில் ஸ்கூட்டர் கம்பெனிகளுக்கு ஸ்டிக்கர் அடித்துக் கொடுக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் அவன் டிசைனர். ஷிப்ட் முடிந்து பாகலூர் ரோட்டு வீட்டுக்கு வந்தால் மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்காருவான். அது வேலைக்காக இல்லை, ஆசைக்காக. வீட்டிலிருந்தபடியே பழைய போர் விமானங்களை ஓட்டிப் பார்க்கிற சிமுலேட்டர் விளையாட்டுகள் இருக்கின்றன. அந்த விமானங்கள் மேல் நிஜத்தில் இருந்த நிறத்தையும் எண்ணையும் சின்னத்தையும் யாராவது வரைந்து போட்டால்தான் ஓட்டுகிறவர்களுக்குத் திருப்தி. கிங்ஸ்டன் வரைந்து போட்டான். அதிலும் கப்பல் தளத்திலிருந்து பறந்த கடற்படை ஜெட்கள் மட்டும். மங்கலான ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை வைத்துக்கொண்டு, இறக்கை மடியும் இடத்தில் சாயம் எப்படி உரிந்திருந்தது, புகை வெளியேறும் துளைக்குப் பின்னால் கரி எவ்வளவு தூரம் படிந்திருந்தது என்று வாரக்கணக்கில் ஆராய்வான். எங்கெங்கோ இருக்கிறவர்கள் அவனைப் பாராட்டி எழுதினார்கள். அவன் மற்றவர்களைப் பற்றி எழுதியது வேறு மாதிரி. பிரேசில்காரர் ஒருவர் ஆசையாகச் செய்து போட்ட ஜெட்டை வால் முதல் மூக்கு வரை கிழித்துத் தொங்கவிட்டான். அந்த ஆள் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. அதை மனைவி லிபியாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

லிபியாவின் அப்பா ஜேம்ஸ் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மேரிராணியோடு கிருஷ்ணகிரியில் குடியிருந்தார். எழுபதை நெருங்கியும் முதுகு வளையாத நெட்டை மனிதர். விமானந்தாங்கிக் கப்பலில் 'சீ ஹாக்' ஜெட்களுக்குச் சாயம் பூசியவர் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். வாலில் புலி வரைந்த கதையை அவர் சொல்லிக் கேட்காத ஆள் அங்கே இல்லை. காற்று ஆளைத் தூக்கி எறிகிற மாதிரி அடிக்கிறது. இவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஜெட்டின் வாலில் நிற்கிறார். கீழே கடல். பைலட் அண்ணாந்து பார்த்துக் கத்துகிறார்: "ஜேம்ஸ், புலிக்கு மீச வெய்யி!" இந்த இடத்தில் நிறுத்தி, கேட்பவர்களின் முகத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். மரக்கடை வைத்திருந்த ஃபக்ருதீன் அந்த வட்டாரத்து வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர். ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் சங்கக் கட்டடத்தில் கொடியேற்ற அவர் கூப்பிடுவது ஜேம்ஸைத்தான்.

இப்படிப்பட்ட மாமனாருக்கும் இப்படிப்பட்ட மருமகனுக்கும் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. போன கிறிஸ்துமஸ் அன்று மதியம் சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கூடத்தில் சாய்ந்திருந்தபோது, கிங்ஸ்டன் லேப்டாப்பைக் கொண்டுவந்து மாமனார் மடியில் வைத்தான். தான் செய்ததிலேயே நல்ல ஜெட் ஒன்றைக் காட்டினான். ஜேம்ஸ் இரண்டு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டுத் தம்பிகள் பக்கம் திரும்பினார்.

"மாப்ள ஏரோப்ளேனுக்கு சட்ட தெக்கிறாருப்பா. பொம்ம டெய்லரு!"

கூடமே சிரித்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சின்னப்பிள்ளைகூட அவனை டெய்லர் மாமா என்றுதான் கூப்பிட்டது.

அந்த அவமானத்தைக் கிங்ஸ்டன் ஒரே வழியில் துடைக்க நினைத்தான். ஜூலையில் மாமனாருக்கு எழுபதாவது பிறந்தநாள். அவர் சாயம் பூசிய அதே ஜெட்டை, ஒரு திருகாணி பிசகாமல் செய்து, எல்லார் முன்னாலும் காட்டிவிட வேண்டும். மனுஷன் வாயடைத்துப் போக வேண்டும். ஆரம்பத்தில் அவ்வளவுதான் எண்ணம்.

போன் செய்து ஜெட்டின் எண்ணைக் கேட்டான். ஒரு தடவை ஒரு எண் சொன்னார், அடுத்த தடவை இன்னொன்று. வாலுக்கு அடியில் தொங்கும் கொக்கியில் என்ன நிறப் பட்டை என்று கேட்டால் கடலைப் பற்றிப் பேசினார். புலி எந்தப் பக்கம் பார்த்தது என்று கேட்டால், "புலி எந்தப் பக்கம் பாத்தா என்ன மாப்ள, எதிரி பயந்தான்ல?" என்று சிரித்தார்.

லிபியா ஒருநாள் சொன்னாள். "அப்பாவ நோண்டி நோண்டிக் கேக்காதீங்க. வயசாயிடுச்சு, மறந்திருப்பாரு."

அவள் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. கிங்ஸ்டன் மாமனாரைக் கேட்பதை நிறுத்திவிட்டு வேறு ஆளைத் தேடினான். கர்நாடக எல்லை தாண்டினால் அத்திபெலெ. அங்கே நாராயணப்பன் என்று ஒருவர், அதே காலத்தில் அதே கப்பலில் ஜெட் மெக்கானிக்காக இருந்தவர், ஓய்வு பெற்று இருக்கிறார் என்று தெரிந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

நாராயணப்பன் நன்றாகப் பேசினார். எண், பட்டை, கரி எல்லாவற்றையும் சொன்னார். கிளம்பும்போது கிங்ஸ்டன் மாமனார் பெயரைச் சொன்னான்.

"கிருஷ்ணகிரி ஜேம்ஸா? அய்யோ தேவரே, நம்ம மெஸ் ஜேம்ஸ்!" என்று கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டபடி கிழவர் எழுந்தே நின்றுவிட்டார். "இருக்கானா? நல்லா இருக்கானா?"

"மெஸ் ஜேம்ஸுன்னா?"

"ஆபீஸருங்க சாப்படற எடத்துல பரிமாறுவான்ப்பா. வெள்ளச் சட்ட, வெள்ளக் கையுறை. கப்பலு இப்பிடி அப்பிடி சாயும், அவன் கையில சூப்பு ஆடாது. தங்கமான பையன்."

"ப்ளேனுக்குப் பெயிண்ட் அடிக்கலையா?"

"அவனா? டெக்குக்கே வர மாட்டான். அந்த எஞ்சின் சத்தம்னா அவனுக்கு பயம்." நாராயணப்பன் சிரித்தார். "நம்பர் குடு, இப்பவே பேசறேன்."

"நம்பர் மாத்திட்டாரு சார். கேட்டு அனுப்பறேன்" என்றான் கிங்ஸ்டன். அனுப்பவே இல்லை.

திரும்பும் வழியில் ஜூஜூவாடி பக்கம் லாரிகள் நகராமல் நின்றன. நடுவில் மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள் கிங்ஸ்டன் தனியாகச் சிரித்தான். கிறிஸ்துமஸ் அன்று லேப்டாப் ஏன் அவ்வளவு சீக்கிரம் மூடப்பட்டது என்று இப்போது புரிந்தது. மாமனார் அவனை இளக்காரமாகப் பார்க்கவில்லை, அவனைக் கண்டு பயந்திருக்கிறார். இது புரிந்தபோது வேறு ஒருவனுக்கு இரக்கம் வந்திருக்கலாம். கிங்ஸ்டனுக்குப் பசி மாதிரி ஒன்று வந்தது.

சரியான ஜெட் ஏறக்குறைய முடிந்திருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று ஆரம்பித்தான். நம் நாட்டு விமானத்தில் இருக்கும் மூவண்ண வட்டத்தில் காவி வெளியே, பச்சை நடுவே இருக்கும். அவன் பச்சையை வெளியே போட்டுக் காவியை நடுவில் வைத்தான். புலியை வாலின் பின்பக்கம் பார்த்துத் திருப்பி, பெரிய மீசை வைத்தான். மூக்கில் எழுத வேண்டிய எண்ணுக்குப் பதில் தன் பைக்கின் நம்பரை எழுதினான். அடிவயிற்று நிறத்துக்குத் தொழிற்சாலையிலிருந்து ஒரு சாம்பிள் தகட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டான். பெண்களுக்கென்று வந்திருந்த ஒரு ஸ்கூட்டரின் வெளிர்பச்சை அது. தப்புகளை இவ்வளவு சுத்தமாக அவன் இதற்கு முன் வரைந்ததில்லை. உப்புக்கறை, எண்ணெய் வழிந்த தடம், காலணி தேய்த்த அடையாளம் எல்லாம் அப்படியே நிஜம் மாதிரி இருந்தன.

லிபியா பின்னால் வந்து நின்று பார்த்தாள். "அப்பாவுக்கா?"

"பின்ன யாருக்கு?"

அவள் அவன் தோளில் கை வைத்தாள். "சந்தோசப்படுவாரு. அவர் என்ன சொன்னாலும் சரின்னு சொல்லிடுங்க, என்னா?"

"அவர் சரின்னு சொன்னா போதும்" என்றான் கிங்ஸ்டன்.

பிறந்தநாள் விழா சர்ச் ஹாலில் நடந்தது. பிரியாணி வாசனையோடு சொந்தக்காரர்கள், சபைக்காரர்கள், ஃபக்ருதீனும் கடைத்தெரு ஆட்களும் என்று ஹால் நிறைந்திருந்தது. கேக் வெட்டுவதற்கு முன்னால் கிங்ஸ்டன் பெரிய திரையில் லேப்டாப்பை இணைத்தான். விளக்கை அணைத்தார்கள். நீலக்கடல் தெரிந்தது. கப்பல் தெரிந்தது. தளத்தின் நுனியில் ஒரு ஜெட் நின்றது. எஞ்சின் சத்தம் எழும்பியதும் குழந்தைகள் கத்தினார்கள்.

ஜேம்ஸ் நாற்காலியிலிருந்து எழுந்தார். திரைக்குப் பக்கத்தில் போனார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, தானாகப் போனார்.

"மாமா, நல்லா பாத்து சொல்லுங்க. நீங்க பூசின வண்டி இதுதாங்களா?" கிங்ஸ்டன் மைக்கில் கேட்டான்.

ஜேம்ஸ் தலையை ஆட்டினார். "இதேதான்."

"நம்பரு?"

"அதே நம்பரு. மறக்குமா மாப்ள?"

"வட்டம்?"

"காம்பஸ் வெச்சுப் போட்டேன், காத்துல கை நடுங்க நடுங்க."

"அடியில இருக்கற கலரு நீங்க கலந்ததா?"

"நான்தான். வெள்ளையில கொஞ்சம் பச்ச விட்டு, கலக்கிக் கலக்கி உள்ளங்கையெல்லாம் புண்ணு." அவர் திரையின் மேல் விரலை வைத்துப் புலியைத் தடவினார். "மீச! பாருங்கப்பா, மீச கூட இருக்குது!"

ஹால் கைதட்டியது. ஜேம்ஸ் திரும்பி வந்து கிங்ஸ்டனைக் கட்டிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. மைக்கை வாங்கி, எல்லாரையும் பார்த்துச் சொன்னார்.

"போன கிறிஸ்துமஸுல இவர பொம்ம டெய்லர்னு சொன்னேன். அது தப்பு. எல்லார் முன்னாடியும் சொல்றேன், என் மாப்ள பெரிய ஆளு. நான் பாத்தத எனக்கே திருப்பிக் காட்டிட்டாரு."

கிங்ஸ்டன் ஆறு மாதமாகக் கேட்க நினைத்தது இதைத்தான். இதோடு நிறுத்தியிருந்தால் அவன் பெரிய ஆளாகவே வீட்டுக்குப் போயிருப்பான். நிறுத்தலாம் என்று அவனுக்கும் தோன்றியது. ஆனால் அவ்வளவு நேர்த்தியாக வரைந்த தப்புகளை யாரும் பார்க்காமலே போய்விடுமே என்ற எண்ணம் அதைவிடப் பலமாக இருந்தது. மைக்கைத் திரும்ப வாங்கினான்.

"ஒரு நிமிசம் மாமா. அந்த நம்பரு என் பைக் நம்பரு."

சிலர் சிரித்தார்கள். ஏதோ தமாஷ் என்று ஜேம்ஸும் சிரித்தார்.

"வட்டத்துல காவி வெளிய இருக்கணும். நான் உள்ள வெச்சிருக்கேன், தேசியக் கொடி தெரிஞ்ச யாரும் சொல்லலாம். புலி திரும்பி நிக்குது. அப்புறம் நீங்க கை புண்ணாகக் கலந்தீங்களே அந்தக் கலரு, அது எங்க கம்பெனியில ஸ்டிக்கர் ஒட்டற ஸ்கூட்டரோட கலரு மாமா. லேடீஸ் மாடலு."

இப்போது ஹாலே சிரித்தது. ஜேம்ஸின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிருந்தது.

"இருட்டுல... சரியா தெரியல மாப்ள."

"அத்திபெலெ நாராயணப்பன் சார் உங்கள விசாரிச்சாரு. மெஸ் ஜேம்ஸ் நல்லா இருக்கானான்னு கேட்டாரு. ஆபீஸருங்களுக்கு நீங்க சூப்பு ஊத்தினா ஒரு சொட்டு சிந்தாதாமே?"

சிரிப்பு அடங்கியது. பின்வரிசையிலிருந்து யாரோ, "அப்ப புலிக்கு மீச வெச்சது யாரு?" என்று கேட்டதும் மறுபடி வெடித்தது. லிபியா ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது. விளக்கைப் போட்டபோது ஜேம்ஸ் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். திரையைத் தொட்ட விரல் இன்னும் மடங்கவில்லை.

மேரிராணி மட்டும் கலங்கவில்லை. கேக்கை அவளே வெட்டினாள், காகிதத் தட்டுகளில் வைத்து வரிசையாகக் கொடுத்தாள். கிங்ஸ்டனுக்குப் பெரிய துண்டாக வைத்தாள்.

"சமையக்காரனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு எங்கப்பன் சொன்னாரு. தரகர் ப்ளேன்ல வேலன்னு சொல்லிட்டாரு. கல்யாணமான வாரமே இவரு எங்கிட்ட அழுதுட்டாரு. இருக்கட்டும் விடுங்கன்னு நான்தான் சொன்னேன்." தட்டை அவன் கையில் திணித்தாள். "சாப்புடுங்க மாப்ள. ஆசப்பட்டது கெடச்சுதில்ல."

ஓசூர் திரும்பி வீட்டுக் கதவைத் திறக்கும்போது லிபியா சொன்னாள்.

"எனக்குப் பத்தாவது படிக்கறப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா? அவரு சொன்னது பொய்யில்லையா?"

"பொய்தான். அதுல உங்களுக்கு எங்க வலிச்சுது?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் உள்ளே போனாள்.

அன்று யாரோ செல்போனில் எடுத்த வீடியோ கிருஷ்ணகிரியைச் சுற்றியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜேம்ஸ் நடந்தால், "நேவி, ஒரு சூப்பு!" என்று குரல் வந்தது. ஆகஸ்டில் ஃபக்ருதீன் வீட்டுக்கே வந்தார். உட்காராமல் நின்றபடி பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. இந்த வருசம் கொடியேத்த பேங்க் மேனேஜர கூப்புடச் சொல்றாங்க. நீங்களும் கண்டிப்பா வந்துடுங்க."

வேண்டாம் என்று மேரிராணி சொல்லியும் ஜேம்ஸ் போனார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றார். கொடி ஏறியது, பாட்டு முடிந்தது. இனிப்பு கொடுக்கும் நேரத்தில், கடைக்கார இளைஞன் ஒருவன் தட்டைத் தூக்கி அவர் கையில் வைத்தான். "நீங்களே குடுத்துடுங்கண்ணே, பழக்கமான கை" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஜேம்ஸ் தட்டை வாங்கிக்கொண்டார். இடது உள்ளங்கையை விரித்து அதன்மேல் தட்டை நிறுத்தினார். ஒவ்வொருவர் முன்னாலும் இலேசாகக் குனிந்து, அவர்கள் எடுக்கும்வரை நின்று, அடுத்தவரிடம் நகர்ந்தார். மேனேஜரிலிருந்து தெரு கூட்டும் அம்மா வரை யாரையும் விடவில்லை. சிரிக்க ஆரம்பித்தவர்கள் அவர் தங்கள் முன்னால் வந்தபோது சிரிப்பதை விட்டுவிட்டார்கள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு நடந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஓசூருக்கு வந்தார். கையில் குந்தாரப்பள்ளி சந்தையில் வாங்கிய நாட்டுக்கோழி இருந்தது. லிபியாவின் தலையைத் தடவிவிட்டு நேராகச் சமையலறைக்குள் போனார். பிறந்ததிலிருந்து அப்பா அடுப்படியில் நின்று லிபியா பார்த்ததில்லை. மதியம் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரிக்கப்பட்டிருந்தது. ஒரே ஒரு தட்டுதான் இருந்தது.

"உக்காருங்க சார்" என்றார் ஜேம்ஸ்.

கிங்ஸ்டன் திடுக்கிட்டான். "என்ன மாமா இது? நீங்களும் உக்காருங்க."

"ஆபீஸருங்ககூட நாங்க உக்கார மாட்டோம் சார்."

கையில் துண்டு மடித்துப் போட்டிருந்தார். இடப்பக்கமாக வந்து சோறு வைத்தார், வலப்பக்கமாக வந்து தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கிங்ஸ்டன் சாப்பிடும்வரை இரண்டடி பின்னால் நேராக நின்றார். கிண்டல் முகத்தில் துளிகூட இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கோழிக்குழம்பு அவன் வாழ்க்கையில் சாப்பிட்டதிலேயே நன்றாக இருந்தது. பாதிச் சோற்றைத் தட்டிலேயே விட்டான்.

தட்டை எடுத்துக்கொண்டு ஜேம்ஸ் உள்ளே போனார். அங்கே அப்பாவும் மகளும் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் சத்தம் கேட்டது. லிபியா எதற்கோ சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டுப் பல நாளாகியிருந்தது. கிங்ஸ்டன் எழுந்து அடுப்படி வாசலில் நின்றதும் சிரிப்பு நின்றது. ஜேம்ஸ் எச்சில் கையோடு எழுந்து நின்றார்.

"எதாவது வேணுமா சார்?"

அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கிங்ஸ்டன் மாமனாரை வேலைக்காரன் மாதிரி வைத்திருப்பதாகப் பேசினார்கள். தொழிற்சாலையிலும் ஒருவன் கேட்டான். ஒரு ஞாயிறு கிங்ஸ்டன் வேண்டுமென்றே வெளியே போய் இருட்டும்போது திரும்பினான். வெள்ளைத் துணி விரித்திருந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார், மதியத்திலிருந்து.

"அவர நிறுத்தச் சொல்லு லிபி" என்று கெஞ்சினான்.

"நான் ஏன் சொல்லணும்? நல்லாத்தான செய்யறாரு" என்றாள் அவள்.

இதற்கு நடுவில் ஓரமாக வைத்திருந்த சரியான ஜெட்டைக் கிங்ஸ்டன் முடித்து இணையத்தில் போட்டிருந்தான். இவ்வளவு துல்லியமான சீ ஹாக்கை இதுவரை பார்த்ததில்லை என்று எழுதினார்கள். அவன் அதை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை.

பிறகொரு ஞாயிறு, நல்ல மழை. லிபியாவுக்குக் காய்ச்சல் என்பதால் கிங்ஸ்டனே அவரைப் பைக்கில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவிட்டான். கிருஷ்ணகிரி பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. ஜனங்கள் முட்டி மோதி ஏறினார்கள். கிங்ஸ்டன் அவர் கையைப் பிடித்தான். நனைந்தபடியே சொன்னான்.

"மாமா, நான் செஞ்சது பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க. எல்லார் முன்னாடியும் வேணாலும் சொல்றேன், அதே ஹாலுக்கு வந்து சொல்றேன். இத விட்டுடுங்க மாமா."

ஜேம்ஸ் முழுவதும் கேட்டார். தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, அவன் சட்டைக் காலரில் மடங்கியிருந்ததை நேராக எடுத்துவிட்டார்.

"அதெல்லாம் பெரிய வார்த்த சார்" என்றார். பஸ் படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினார். "அடுத்த வாரம் கறியா, மீனா சார்?"

கண்டக்டர் விசில் அடித்தான். பின்னால் ஏற நின்றவர்கள் கிங்ஸ்டனைப் பார்த்தார்கள். அவர் பதில் வாங்காமல் ஏறப் போவதில்லை என்று தெரிந்தது.

"மீன்" என்றான் கிங்ஸ்டன்.